இரண்டு மார்க் பாக்கி



வழக்கம்போல நீளமான பதிவுதான். காபியை ஆற்றிக்கொண்டு உட்கார்ந்து படியுங்கள். "டீச்சர் ரிட்டயர் ஆகியும் பாடம் நடத்துவதை விடவில்லையே" என்று சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். இன்றைக்குப் பாடத்தோடு ஒரு மன்னிப்பும் இருக்கிறது. அதனால் பாதியில் ஓடிவிடாதீர்கள்.

போன வாரம் நம் பழைய மாணவிகள் வாட்ஸ்அப் குழுவில் ஒருத்தி ஒரு படம் போட்டிருந்தாள். அவள் வேலை பார்க்கும் இடத்தின் வாசலில் வைத்திருக்கும் தொட்டிச் செடி. மூங்கில் குச்சி மாதிரி ஒல்லியான தண்டுகள், தண்டைச் சுற்றிக் கருப்புப் பழுப்பாக நார், உச்சியில் கைவிரல் விரித்த மாதிரி ஓலை. "டீச்சர், இது என்ன பனை?" என்று கேட்டிருந்தாள்.

நான் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் பதினெட்டுப் பதில்கள் வந்துவிட்டன. லேடி பாம், பேம்பூ பாம், சைனா பாம், பனங்கன்று, விசிறிப்பனை என்று ஆளுக்கொரு பெயர். கடைசியில் ஒருத்தி போனில் ஆப் வைத்துப் பார்த்து லத்தீன் பெயரையே போட்டுவிட்டாள்: ராஃபிஸ் ஹியூமிலிஸ். உடனே எல்லாரும் கைதட்டும் பொம்மையைப் போட்டார்கள். விஷயம் முடிந்துவிட்டது.

அந்தப் பெயரைப் பார்த்ததும் எனக்கு அடிவயிற்றில் என்னவோ செய்தது. காரணத்தைக் கீழே சொல்கிறேன். முதலில் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்கள் சண்டைக்கு வரலாம். ஒரு செடிக்குப் பெயர் சொல்கிறவர், அந்தப் பெயரை எதைப் பார்த்துச் சொன்னார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சொல்ல முடியாவிட்டால் மார்க் கிடையாது. இது மாணவிகளுக்கும் பொருந்தும், ஆப்புக்கும் பொருந்தும், முப்பது வருஷம் பிளஸ் டூவுக்குத் தாவரவியல் எடுத்த எனக்கும் பொருந்தும்.

சரி, இப்போது அந்தத் தொட்டிப் பக்கம் வாருங்கள்.

நம்மில் பாதிப் பேர் பனங்காட்டுப் பக்கத்தில் பிறந்தவர்கள். பனையைப் பார்க்க உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். மட்டையின் ஓரத்தில் கருக்கு இருக்கும், கையைக் கிழிக்கும். ஓலை விசிறியாக விரியும். மட்டையின் அடியில் பன்னாடை இருக்கும். ஆண் பனை தனி, பெண் பனை தனி. இவ்வளவும் தெரிந்தவர்களுக்கு, தெற்குச் சீனத்திலிருந்து கிளம்பி உலகம் முழுக்க ஹோட்டல் வாசல்களில் வந்து நிற்கும் இந்தச் சின்ன விசிறிப்பனையைப் படிப்பது ஒன்றும் கஷ்டமில்லை. ஒவ்வொரு படியாகப் போவோம்.

முதல் படி: ஓலை விசிறியா, இறகா? தென்னை ஓலை இறகு மாதிரி, பனை ஓலை விசிறி மாதிரி. 'பேம்பூ பாம்' என்று நர்சரியில் இரண்டு வேறு செடிகளை விற்கிறார்கள். ஒன்று அமெரிக்கக் கண்டத்துக் கமேடோரியா. அதன் ஓலை இறகு. இன்னொன்று நம் ஆசிய ராஃபிஸ். அதன் ஓலை விசிறி. தண்டு ரெண்டுக்கும் மூங்கில் மாதிரியே இருக்கும், அதனால்தான் குழப்பம். ஓலையை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாலே பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

இரண்டாவது படி: காம்பின் ஓரத்தில் கட்டைவிரலை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். முள் இருந்தால் அது ராஃபிஸ் இல்லை. அந்தமானிலும் வடகிழக்கு மலைகளிலும் காணப்படும் லிக்குவாலா என்ற சின்ன விசிறிப்பனைகளுக்குக் காம்பில் முள் உண்டு. ஓலைத் துண்டுகளும் ஆப்பு மாதிரி, நுனிப்பக்கம் அகன்று இருக்கும். பனங்கன்றுக்குக் கருக்கு உண்டு. ராஃபிஸ் காம்பு வழவழவென்று இருக்கும், ரொம்பப் போனால் லேசாகச் சொரசொரக்கும்.

மூன்றாவது படி: ஓலையின் மடிப்பு. இது எனக்கு மிகவும் பிடித்த இடம். தென்னங்கீற்றை வெட்டி அதன் குறுக்கு முனையைப் பாருங்கள்; ஓட்டு வீட்டுக் கூரை மாதிரி, இரண்டு பக்கமும் கீழே சரிந்திருக்கும். ஈச்ச ஓலையைப் பாருங்கள். தண்ணீர் ஓடும் வாய்க்கால் மாதிரி, நடு பள்ளமாக, இரண்டு பக்கமும் மேலே நிமிர்ந்திருக்கும். ஆசியாவின் விசிறிப்பனைகள் ஏறத்தாழ எல்லாமே வாய்க்கால் கட்சி. ராஃபிஸும் அப்படித்தான்.

ஆனால் தெற்குச் சீனத்திலும் வடக்கு வியட்நாமிலும் சுண்ணாம்புக்கல் மலைகளில் வளரும் சில குட்டைப் பனைகள் பார்வைக்கு இந்தக் கூட்டத்தில் சேர்ந்தவை மாதிரியே இருந்தன. ஒன்றை டிராக்கிகார்பஸ் என்ற பேரினத்தில் வைத்திருந்தார்கள். இன்னொன்றை ராஃபிஸ் என்றே எழுதியிருந்தார்கள். மடிப்பைப் பார்த்தால் இரண்டும் கூரைக் கட்சி! 1985இல் ஜான் டிரான்ஸ்ஃபீல்டும் இரண்டு சீனத் தாவரவியலாளர்களும் சேர்ந்து, இவற்றுக்குக் குய்ஹாயா என்று தனிப் பேரினமே ஏற்படுத்தினார்கள். அதில் குய்ஹாயா ஆர்கிராட்டா என்பதன் ஓலையைத் திருப்பினால் அடிப்பக்கம் வெள்ளி மாதிரி மின்னும். திருப்பிப் பார்க்காதவர்களுக்கு அது சாதாரணப் பச்சை ஓலைதான்.

நான்காவது படியில்தான் அண்ணன் தம்பி சண்டை. ராஃபிஸ் பேரினத்துக்குள்ளேயே சுமார் பத்து இனங்கள் இருக்கின்றன. நாம் தொட்டியில் அதிகம் பார்ப்பது எக்செல்சா. அதோடு குழப்பிக்கொள்ளப்படுவது ஹியூமிலிஸ். இவை போக, சீனத்தின் குவாங்சி, யுன்னான் பகுதிகளில் மல்டிஃபிடா, தாய்லாந்து, லாவோஸ், கம்போடியா பக்கம் மெல்லிய சப்டிலிஸ் என்று இன்னும் சில உண்டு. முதல் மூன்றை மட்டும் இப்போது பிரித்துக் காட்டுகிறேன்.

விரல்களை எண்ணுங்கள். எக்செல்சாவின் ஓலையில் பெரும்பாலும் 4 முதல் 10 விரல்கள். ஒவ்வொன்றும் அகலமாக, நீளவாக்கில் பல நரம்புகளோடு இருக்கும். ஹியூமிலிஸில் 7 முதல் 20 வரை போகும், விரல்கள் ஒடுக்கம். மல்டிஃபிடாவில் 20ஐத் தாண்டியும் போகும். விரல் என்று சொல்வதைவிட சீப்பின் பல் என்று சொல்லலாம்.

எண்ணிக்கையை மட்டும் நம்பிவிடாதீர்கள். 4 முதல் 10, 7 முதல் 20 என்றால் நடுவில் எட்டு விரல் ஓலை யாருடையது? இளங்கன்றின் ஓலையில் விரல் குறைவாகவும் இருக்கும். அதனால் உயரமான, வயதான தண்டில் நன்றாக விரிந்த ஓலையாகப் பார்க்க வேண்டும், ஒன்றோடு நிற்காமல் நாலைந்து ஓலை பார்க்க வேண்டும்.

அடுத்து விரலின் நுனி. எக்செல்சாவின் நுனி கூராக முடியாது. கத்தரியால் குறுக்கே வெட்டிவிட்ட மாதிரி மொட்டையாக, ஓரம் பல்பல்லாக இருக்கும். ஹியூமிலிஸின் நுனி ஒடுங்கிக் கூராகப் போகும். இது ஓலை ஓலையாக மாறுகிற விஷயம் இல்லை. இந்த இரண்டையும் பிரிக்க இதைத்தான் நான் முதலில் நம்புவேன்.

கடைசியாகப் பன்னாடை. தண்டைச் சுற்றியிருக்கும் அந்த நார்வலையைத் தொட்டுப் பாருங்கள். எக்செல்சாவில் நார் தடித்து, வலை முரடாக இருக்கும். ஹியூமிலிஸில் நார் மெலிந்து, வலை நெருக்கமாக இருக்கும். இரண்டு செடியையும் பக்கத்தில் வைத்துத் தொட்டால்தான் இது தெரியும். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு முரடா மெல்லிசா என்று எப்படிச் சொல்வது?

இதில் எதையாவது மேலேயிருந்து எடுத்த ஒரு போட்டோ சொல்லுமா? நானே சோதித்துப் பார்த்தேன். என் மகன் குடியிருக்கும் அபார்ட்மென்ட் வாசலில் இதே செடி ஆறு தொட்டியில் இருக்கிறது. ஒரே தொட்டியை மூன்று பக்கத்திலிருந்து படம் எடுத்து ஆப்பிடம் காட்டினேன். மூன்று பெயர் சொன்னது. பேத்தி, "ஆச்சி, இது கன்ஃபியூஸ் ஆகுது" என்றாள். ஆப்பைத் திட்டவில்லை. அதனிடம் நான் கொடுத்தது அவ்வளவுதான். ஓலையைத் திருப்பவும் நாரைத் தடவவும் அதற்குக் கை இல்லை, எனக்கு இருக்கிறது. ஆப் சொல்வதை எங்கிருந்து தேட ஆரம்பிக்கலாம் என்பதற்கு வைத்துக்கொள்ளுங்கள், தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பெயர் தப்பாகப் போவது நமக்கு மட்டும் நடந்ததும் இல்லை. லின்னேயஸின் மாணவர் கார்ல் பீட்டர் துன்பெர்க் 1775, 1776இல் ஜப்பானில் இருந்தவர். 1784இல் வெளிவந்த ஜப்பானியத் தாவரங்கள் பற்றிய நூலில் கமேராப்ஸ் எக்செல்சா என்று ஒரு பனைக்குப் பெயர் வைத்தார். எக்செல்சா என்றால் லத்தீனில் 'உயரமான' என்று அர்த்தம். பின்னால் வந்தவர்கள் அந்தப் பெயரைத் தூக்கிக்கொண்டுபோய், உண்மையிலேயே மரமாக உயர்ந்து நிற்கும் வேறொரு சீனப் பனைக்கு, இன்று டிராக்கிகார்பஸ் ஃபார்ச்சூனி எனப்படுவதற்கு, மாட்டிவிட்டார்கள். நம் தொட்டிச் செடி ராஃபிஸ் ஃபிளாபெல்லிஃபார்மிஸ் என்று வேறு பெயரில் உலாவிக்கொண்டிருந்தது. சீனத்தில் செடிகள் சேகரித்த ஐரிஷ்காரர் அகஸ்டின் ஹென்றி இந்தச் சிக்கலை எடுத்துப் பார்த்து, துன்பெர்க்கின் எக்செல்சா இந்தச் சின்ன ராஃபிஸ்தான் என்றார். அது அச்சில் வந்தது 1930இல். கணக்குப் போடுங்கள்: 146 வருஷம்.

ஹியூமிலிஸ் என்ற பெயரை வைத்தவர் புளூமே. அதற்கு அர்த்தம் 'தாழ்ந்த, குட்டையான'. ஆனால் இரண்டையும் வளர்ப்பவர்கள், விட்டால் ஹியூமிலிஸ்தான் எக்செல்சாவைவிட உயரமாகப் போகும் என்கிறார்கள்! 'உயரமானது' குட்டை, 'குட்டையானது' நெட்டை. பெயரின் அர்த்தத்தை வைத்துச் செடியை முடிவு செய்கிறவர்கள் இந்த இடத்தில் நிச்சயம் வழுக்கி விழுவார்கள். நான் விழுந்தேன்.

ஜப்பான்காரர்கள் விழவில்லை. எடோ காலத்திலிருந்தே இவற்றைத் தொட்டியில் வளர்த்தவர்கள் அவர்கள். எக்செல்சாவைக் கன்னோன்சிக்கு என்பார்கள், அதாவது கன்னோன் மூங்கில். கன்னோன் என்பது அவலோகிதேசுவரருக்கு அங்கே உள்ள பெயர். ஹியூமிலிஸை ஷுரோசிக்கு என்பார்கள். ஓலையில் வெள்ளைக் கோடு விழுந்தது, குட்டையானது என்று எக்செல்சாவிலேயே நூற்றுக்கு மேற்பட்ட வகைகளுக்குப் பெயர் வைத்துப் பிரித்து வைத்திருக்கிறார்கள். தினமும் தண்ணீர் ஊற்றி, பழுத்த ஓலையை நறுக்கி, பக்கக் கன்றைப் பிரித்து நடுகிறவர்களுக்கு இரண்டும் வேறு என்பது கையிலேயே தெரிந்திருக்கிறது.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. நம் பனை மாதிரியே ராஃபிஸிலும் ஆண் வேறு, பெண் வேறு. தோட்டங்களில் இருக்கும் ஹியூமிலிஸில் ஆண் செடிகளே தெரியவந்திருக்கின்றன. அதனால் விதை கிடையாது, பக்கக் கன்றைப் பிரித்துத்தான் பெருக்க வேண்டும். எனவே 'ஹியூமிலிஸ் விதை' என்று யாராவது விற்றால் பணத்தை எடுக்கும் முன்பு கொஞ்சம் யோசியுங்கள்.

இப்போது கதைக்கு வருகிறேன்.

நம் பள்ளிக்கூடத்துத் தாவரவியல் லேப் வாசலில், படியின் இரண்டு பக்கமும் இரண்டு சிமென்ட் தொட்டிகள் இருந்தது நிறையப் பேருக்கு ஞாபகம் இருக்கும். நான் வேலையில் சேருவதற்கு முன்பே அவை இருந்தன. அவற்றில் செருகியிருந்த தகரப் பலகையில் ராஃபிஸ் ஹியூமிலிஸ் என்று பெயின்ட்டில் எழுதியிருந்தது. எழுதியது யாரென்று நான் கேட்கவில்லை. ஹியூமிலிஸ் என்றால் குட்டை, செடியும் குட்டை. பொருந்திப் போனது. பெயின்ட் மங்கியபோது நானே என் கையால் அதே பெயரை மறுபடி எழுதினேன். வருஷா வருஷம் மாதிரிச் செய்முறைத் தேர்வில் அந்த ஓலையை ஸ்பாட்டராக வைத்தேன்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருஷம். இரண்டாவது பெஞ்சில் ஒரு பெண். பெயர் சொல்லவில்லை, அவளுக்குத் தெரியும். விடைத்தாளில் 'ராஃபிஸ் எக்செல்சா' என்று எழுதிவிட்டு, பக்கத்திலேயே, "இலைத் துண்டின் நுனி கூராக இல்லை, வெட்டியது போல் இருக்கிறது" என்றும் எழுதியிருந்தாள். லைப்ரரியில் இருந்த பழைய தோட்டக்கலைப் புத்தகம் ஒன்றில் இரண்டு ஓலையின் படமும் இருந்ததாம். தாளைக் கொடுத்தபோது எழுந்து நின்று கேட்டாள்.

"டீச்சர், நுனியப் பாருங்க டீச்சர். கத்தரிச்ச மாதிரி இருக்கு. புக்ல ஹியூமிலிஸுக்குக் கூராப் போட்டிருக்கு."

லேப் வாசல் அங்கிருந்து பத்தடி. நான் எழுந்து போய்ப் பார்த்திருக்கலாம். போகவில்லை. "போர்டுல என்ன எழுதியிருக்கோ அதை எழுது. பரீட்சையில உன் ஆராய்ச்சியைக் காட்டாதே" என்றேன். வகுப்பு சிரித்தது. இரண்டு மார்க் குறைந்தது குறைந்ததுதான். அதற்குப் பிறகு அந்த வருஷம் முழுக்க அவள் என் வகுப்பில் கை தூக்கவில்லை. நான் அதைக் கவனித்தேன் என்பதுதான் இன்றைக்கு என்னை உறுத்துகிறது. கவனித்துவிட்டு, 'பிள்ளை அடங்கிவிட்டாள்' என்று நினைத்துக்கொண்டேன்.

போன வாரம் ஆப் சொன்ன பெயரைப் பார்த்ததும் அந்தக் குரல்தான் காதில் விழுந்தது. என் பணி நிறைவு விழாவில் எடுத்த குரூப் போட்டோவைத் தேடி எடுத்தேன். லேப் படியில் நாம் எல்லாரும் நிற்கிறோம், இரண்டு பக்கமும் அந்தத் தொட்டிகள். பேத்தி அதை ஸ்கேன் செய்து பெரிதாக்கிக் காட்டினாள். அகலமான விரல்கள். எண்ண முடிந்த ஓலைகளில் ஏழு, ஆறு, எட்டு. நுனி ஒவ்வொன்றும் கத்தரித்த மாதிரி மொட்டை.

எக்செல்சா. அந்தப் பிள்ளை சொன்னது சரி. பலகை தப்பு. மறுபடி பெயின்ட் அடித்த நான் இரண்டு தடவை தப்பு.

தமிழ் ஐயா எங்களுக்கு நன்னூல் நடத்தியபோது, கடை மாணாக்கருக்கு நெய்யரியை உவமை சொன்னது ஞாபகம் வருகிறது. நெய்யரி என்றால் பன்னாடைதான். நெய்யை வடிகட்டும்போது நல்ல நெய்யைக் கீழே விட்டுவிட்டுக் கசடை மட்டும் பிடித்து வைத்துக்கொள்ளும். அந்தப் பெண் கொடுத்த காரணத்தை நழுவவிட்டு, தகரப் பலகையைப் பிடித்து வைத்துக்கொண்டவள் நான். உங்களில் சிலரைக் கோபத்தில் 'பன்னாடை' என்று திட்டியிருக்கிறேன். அதையும் இங்கேயே திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

இதைக் குழுவில் சொன்னபோது சிலர் எதிர்க்கேள்வி கேட்டார்கள். நியாயமான கேள்விகள்தான்.

"அத்தை, ஒரு தொட்டிச் செடிக்கு என்ன பெயரா இருந்தா என்ன? தண்ணி ஊத்துனா வளரும்" என்றான் என் அண்ணன் மகன். தொட்டிச் செடி மட்டும் என்றால் அவன் சொல்வது சரி. ஆனால் குமாவூன் மலையில் நடந்ததைக் கேளுங்கள். டிராக்கிகார்பஸ் டாக்கில் என்று நம் நாட்டு இமயமலைக்கே உரிய விசிறிப்பனை ஒன்று உண்டு. இத்தாலியப் பனை அறிஞர் பெக்காரி அதற்கு 1905இல் பெயர் வைத்தார். பின்னாளில் உலகச் சந்தையில் 'டாக்கில் விதை' என்று விற்றதில் பெரும்பகுதி, நைனிதால் பக்கம் நட்டு வளர்த்த ஃபார்ச்சூனிப் பனையின் விதை. வெளிநாட்டுத் தோட்டங்களில் எல்லாம் டாக்கில் என்று பலகை, நிற்பதோ ஃபார்ச்சூனி. ஓர் அபூர்வமான மரத்தின் பெயரைச் சாதாரணமான மரம் சுமந்துகொண்டு திரிந்தால், அபூர்வமானது குறைந்துகொண்டே போவது யார் கண்ணுக்குத் தெரியும்? 'அதுதான் எல்லாத் தோட்டத்திலும் இருக்கிறதே' என்றுதான் சொல்வார்கள். சுண்ணாம்புக் குன்றுகளில் மட்டும் வளரும் சின்னப் பனைகளுக்கும் இதேதான் கதி. பெயர் பிரிந்தால்தான் பாதுகாப்பு பிரியும்.

இன்னொருத்தி இப்போது ஓர் ஊரில் உயிரியல் ஆசிரியை. அவள் சொன்னாள்: "டீச்சர், ஒரு வகுப்புல அறுபது பிள்ளைங்க. நீட்டுக்குத் தயார் பண்ணணும். அதுல நாலு விடையில ஒண்ண டிக் பண்ணணும், காரணம் யாரும் கேக்கல. ஒவ்வொருத்தியையும் தொட்டிகிட்ட கூட்டிட்டுப் போக நேரம் எங்க இருக்கு?" இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. அவள் கஷ்டம் எனக்குத் தெரியும். நானும் போர்ஷன் முடிக்க ஓடியவள்தான். ஆனால் வாரத்துக்கு ஒரே ஒரு ஓலை போதும். மேஜையில் வை. பெயரை நீயே சொல்லிவிடு. "இது ஏன் அது இல்லை?" என்று மட்டும் கேள். பெயருக்கு மார்க் வேண்டாம், காரணத்துக்குப் போடு. தப்பான பெயருக்குச் சரியான காரணம் எழுதியவளுக்கும் பாதி மார்க் போடு. யாராவது ஒருத்தி எழுந்து, "நுனியப் பாருங்க டீச்சர்" என்றால், தயவுசெய்து அந்தப் பத்தடி நடந்து போய்ப் பார். பார்த்த பிறகு அவள் சொன்னது தப்பாகவே இருக்கலாம். அதனால் ஒன்றும் குறையாது, இரண்டு பேரும் பார்த்திருப்பீர்கள்.

மூன்றாவது கேள்வி என் தங்கை கேட்டது. "ஏன்க்கா, இத்தனை வருஷம் கழிச்சு ஊர் அறியச் சொல்லணுமா? அந்தப் பொண்ணுக்கே மறந்திருக்கும்." மறந்திருக்கலாம். ஆனால் நான் அவளைத் தனியாகக் கூப்பிட்டுத் திட்டவில்லையே. அறுபது பேர் முன்னால் சொன்னேன், அறுபது பேர் சிரித்தார்கள். அதனால் திரும்ப வாங்குவதையும் எல்லாருக்கும் முன்னால்தான் செய்ய வேண்டும். அன்று சிரித்தவர்களில் பலர் இந்தப் பதிவைப் படிக்கிறீர்கள்.

வாட்ஸ்அப்பில் வந்த அந்தப் படத்துக்கு இன்னும் நான் பதில் சொல்லவில்லை. சொல்ல முடியாது என்பதுதான் பதில். மேலேயிருந்து எடுத்திருக்கிறாள், நுனி தெரியவில்லை, நார் தெரியவில்லை. நம் ஊரில் தொட்டியில் அதிகம் இருப்பது எக்செல்சா என்பதால் அதுவாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் வாய்ப்பு அதிகம் என்பதற்காகப் பலகை எழுதி மாட்டும் வேலையை நான் விட்டுவிட்டேன். கண்ணு, நாளைக்கு வேலைக்குப் போகும்போது ஐந்து நிமிஷம் முன்னாடி போ. நான்கு படம் எடு: உயரமான தண்டின் ஓலை ஒன்று முழுசாக, ஒரு விரலின் நுனி கிட்டத்தில், ஓலையின் அடிப்பக்கம், தண்டின் பன்னாடை. காம்பு ஓரத்தைத் தடவிப் பார்த்து என்ன தெரிந்தது என்று எழுது. நாலைந்து ஓலையில் விரலை எண்ணி எழுது. அப்புறம் நாம் எல்லாரும் சேர்ந்து பெயர் வைப்போம்.

மற்றவர்களும் செய்யலாம். ஆஸ்பத்திரி வாசல், கல்யாண மண்டபம், ஏர்போர்ட் என்று எங்கே பார்த்தாலும் இந்தச் செடி நிற்கிறது. சிங்கப்பூரிலும் துபாயிலும் இருக்கிற பிள்ளைகள் அங்கே இருப்பதைப் பார்த்து அனுப்புங்கள். யாருக்காவது கூரான நுனியோடு உண்மையான ஹியூமிலிஸ் கண்ணில் பட்டால் உடனே எனக்குச் சொல்லுங்கள். இத்தனை வருஷம் அதன் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தேனே தவிர, அதை நான் நேரில் பார்த்ததே இல்லை.

கடைசியாக அந்த இரண்டாவது பெஞ்சுப் பிள்ளைக்கு. நீ இப்போது எங்கே இருக்கிறாய், என்ன செய்கிறாய் என்று எனக்குத் தெரியாது. குழுவிலும் உன் நம்பர் இல்லை. யாருக்காவது அவளைத் தெரிந்தால் இதைக் காட்டுங்கள். அம்மா, நீ எழுதியது சரி. பெயரும் சரி, காரணமும் சரி. பெயருக்கு ஒன்று, காரணத்துக்கு ஒன்று, மொத்தம் இரண்டு மார்க் உனக்கு நான் பாக்கி. பழைய மார்க் ரிஜிஸ்டர் என்னிடம் இல்லை, அதனால் இங்கே போட்டுவிடுகிறேன். அன்றைக்கு நான் எழுந்து வந்து பார்த்திருக்க வேண்டும். மன்னித்துக்கொள்.

அன்புடன்,
உங்கள் தாவரவியல் டீச்சர்